வளர்ந்த பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு வந்த பிறகும் எழுத்துக்கூட்டித் திக்கித்திணறிப் படிக்கும் பிள்ளைகளோடு நான் தினமும் உட்காருகிறேன். அவர்களுடைய பெற்றோரும் சக ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். பத்து வயதுக்கு மேல் பதினாறு வரை உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதியது. உதாரணங்கள் தமிழ் வாசிப்பிலிருந்து எடுத்தவை. வேறு மொழியில் தடுமாறும் பிள்ளைக்கும் வழி ஏறக்குறைய இதேதான்.

பதின்மூன்று வயதாகிவிட்டது. இனிமேலா வாசிக்க வரப்போகிறது?

வரும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஸ்தானிஸ்லாஸ் தெஹான் என்ற பிரெஞ்சு மூளை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வு அது. அவர்களில் ஒரு பகுதியினர் சிறுவயதில் பள்ளிக்கே போகாமல், வளர்ந்த பிறகு எழுத்துப் படித்தவர்கள். எழுத்தைப் பார்த்ததும் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி அவர்களிடமும் உருவாகியிருந்தது. வளர்ந்து ஆளானவருக்கே அது நடக்கும்போது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நடக்காது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். ஆறு வயதில் ஆன வேலையைவிட இது கூடுதல் உழைப்பு கேட்கும். எழுத்து புதிது என்பதால் வரும் சிரமம் மட்டுமென்றால் பரவாயில்லை. ஏழெட்டு வருடங்களாகப் பழகிப்போன தப்பிக்கும் வழிகளையும், "எனக்கு வராது" என்ற நம்பிக்கையையும் சேர்த்தே மாற்றவேண்டியிருக்கும்.

படிக்கத் தெரியாமலே எப்படி இத்தனை வகுப்பு தாண்டினான்?

புத்திசாலித்தனத்தால்தான். பக்கத்தில் இருப்பவன் படிப்பதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பிப்பான். கேள்வியின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் வைத்து, மனப்பாடம் செய்த விடைகளில் எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பான். வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவான், கண்ணாடி மறந்துவிட்டேன் என்பான், இல்லையென்றால் ஏதாவது குறும்பு செய்து வகுப்புக்கு வெளியே நிற்பான். வெளியே நிற்பது அவனுக்குத் தண்டனையே இல்லை, தப்பித்தல். இத்தனையும் யோசித்துச் செய்கிற பிள்ளைக்கு மூளை மந்தம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, பிரச்சினை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. "வாசிக்க வரவில்லை" என்பது ஒரே பெயரில் சுற்றிவரும் பல சிக்கல்கள். எது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பதால்தான் வருடக்கணக்கில் டியூஷன் போயும் பலன் இருப்பதில்லை.

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986இல் ஓர் எளிய கணக்கு சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டி வருவதல்ல என்பதைக் கவனியுங்கள். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

இதை வைத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம், ஒரு மணி நேரம் போதும். பிள்ளையின் வகுப்புப் புத்தகத்தில் அவன் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை எடுத்து நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். கேட்டு முடித்ததும் அவன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். நன்றாகச் சொல்கிறானா? அப்படியென்றால் மொழி இருக்கிறது, எழுத்துப் பக்கம்தான் அடைப்பு. அடுத்து, அதே கடினத்தில் வேறொரு பத்தியை அவன் வாய்விட்டுப் படிக்கட்டும். நடுவில் திருத்தாமல், எந்தச் சொல்லை எப்படிப் படித்தான் என்று அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, முப்பது தனிச்சொற்களைக் காட்டுங்கள், சூழலை வைத்து ஊகிக்க வழியில்லாமல். கூடவே பொருளே இல்லாத நாலைந்து போலிச் சொற்களையும் கலந்து வையுங்கள்: "தொகிழை", "மேணுபோ", "பௌடூறு" மாதிரி. மனப்பாடம் கைகொடுக்காத அந்த இடத்தில்தான் உண்மையில் எழுத்து தெரியுமா என்பது வெளியே வரும்.

தனிச்சொல்லிலும் போலிச் சொல்லிலும் தவறினால் எழுத்தில் ஓட்டை. தவறில்லாமல், ஆனால் ஊர்ந்து ஊர்ந்து படித்தால் சரளம் இல்லை. மடமடவென்று படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றால் சிக்கல் மொழியிலும் பொது அறிவிலும் இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு இரண்டு சேர்ந்தே இருக்கும்.

அப்படியானால் மறுபடி அ, ஆ-விலிருந்தா?

வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் முன் அணில், ஆடு படம் போட்ட புத்தகத்தை வைத்தீர்கள் என்றால் அன்றோடு அவன் உங்களைவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு 247 எழுத்தும் மறந்துபோயிருக்காது. குறிப்பிட்ட சில இடங்களில்தான் சறுக்கும், அவை பெரும்பாலும் ஒரே இடங்களாகவே இருக்கின்றன.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் முதலில் வரும்: கொடு–கோடு, எனும்போது தடுமாற்றம். எழுதும்போது இடப்பக்கம் நிற்கும் கொம்பை ஒலிக்கும்போது மெய்க்குப் பின்னால் ஒலிக்கவேண்டும், அது இயல்பாகவே குழப்பும். அடுத்தது உகர, ஊகார வரிசை. மற்ற வரிசைகளில் ஒரே துணைக்குறி எல்லா மெய்க்கும் பொருந்தும். இதில் மட்டும் கு, சு, டு, து, று என்று ஆளுக்கொரு வடிவம். அப்புறம் புள்ளி. புள்ளியைக் கவனிக்காமல் விடுவதால் "பட்டம்" "படம்" ஆகிவிடுகிறது. பிள்ளை எங்கே சறுக்குகிறான் என்ற பட்டியலைச் சோதனையில் எடுத்திருப்பீர்கள் அல்லவா? அதை மட்டும், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அவன் வயதுக்குரிய சொற்களிலேயே சரிசெய்யுங்கள். "கோபுரம்", "தொழில்நுட்பம்", "நுரையீரல்" என்று.

சின்னச் சொல் எல்லாம் படிக்கிறாள். நீளமான சொல் வந்தால் நின்றுவிடுகிறாள்.

வளர்ந்த பிள்ளைகளின் மூச்சு முட்டும் இடம் இதுதான். அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 4 முதல் 9ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்காக 2022இல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன் நான்கு பரிந்துரைகளில் முதலாவதே, பல அசை கொண்ட நீளச் சொற்களை உடைத்துப் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான். ஒட்டிக்கொண்டே போகும் நம் மொழிக்கு அது இன்னும் நூறு மடங்கு பொருந்தும்.

அறிவியல் பாடத்தில் வரும் ஒரு சொல்லைப் பாருங்கள்: வெளியேற்றப்படுகின்றன. பன்னிரண்டு எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் ஏழாவது எழுத்து வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். நான் என்ன செய்வேன் என்றால், பென்சிலை அவள் கையில் கொடுத்து, "உனக்குத் தெரிந்த துண்டு ஏதாவது உள்ளே இருக்கிறதா, கோடு போடு" என்பேன். முதலில் "வெளி" கிடைக்கும். கொஞ்சம் பொறுத்தால் "படு" கிடைக்கும். மீதியைப் பிரித்தால் வெளி / யேற்றப் / படு / கின்றன. துண்டு துண்டாகப் படித்து, அப்புறம் சேர்த்து, அப்புறம் வாக்கியத்தில் வைத்து மறுபடி. அதோடு விடாமல் அதே குடும்பத்தை வரிசையாகக் காட்டவேண்டும்: உறிஞ்சப்படுகின்றன, கடத்தப்படுகின்றன, சேமிக்கப்படுகின்றன. நாலாவது சொல் வரும்போது "படுகின்றன" என்ற வால் ஒரே பார்வையில் வந்துவிடும். முதல் துண்டை மட்டும் பார்த்தால் போதும் என்று அவளுக்கே தெரியும். "இலிருந்து", "க்காகவும்", "கொண்டிருந்த", "முடியாத" என்று இப்படிப்பட்ட வால்கள் ஓர் ஐம்பது கைவசமானால் பாடப்புத்தகத்தின் பாதி பயம் போய்விடும்.

துண்டு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவும் ஓர் அடையாளம் உண்டு. நீளச் சொல்லின் நடுவில் க், ச், த், ப் இரட்டித்து நின்றால், அல்லது ய, வ இடையில் வந்து உட்கார்ந்திருந்தால், அங்கே இரண்டு சொல் ஒட்டியிருக்க நிறைய வாய்ப்புண்டு. எப்போதும் இல்லை, ஆனால் தேடத் தொடங்க நல்ல இடம்.

பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பகுபத உறுப்பிலக்கணத்தைப் பிள்ளைகள் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு சொல்லை உடைத்துப் படிக்க நம் கையில் ஏற்கெனவே இருக்கும் மிக நல்ல கருவி அது. அதை வாசிப்பு வகுப்புக்கு யாரும் எடுத்துவருவதில்லை என்பது எனக்குப் பல வருட வருத்தம்.

முதல் எழுத்தைப் பார்த்து ஏதோ ஒன்றை அடித்துவிடுகிறாள். அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் படித்தாள். "மரங்கள் மண்ணுக்குப் பாதுகாப்பு தருகின்றன" என்பது வாக்கியம். அவள் படித்தது: "மரங்கள் மண்ணுக்குப் பாதிப்பு தருகின்றன." குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பா, த வரிசையில் ஓர் எழுத்து, கடைசியில் ப்பு. அவ்வளவு பார்த்தது போதும் என்று கண் அடுத்த சொல்லுக்குத் தாவிவிட்டது. பொருள் தலைகீழ். அன்றைக்குத் தேர்வாக இருந்திருந்தால் மொத்த விடையும் தவறாகியிருக்கும், அவளுக்குப் பாடம் தெரியவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

நான் "தப்பு" என்று சொல்லவில்லை. வாக்கியம் முடியும்வரை காத்திருந்து, "மரம் மண்ணுக்கு என்ன செய்யும்?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "நல்லதுதானே செய்யும்…" என்று சொல்லிவிட்டு அவளே அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போனாள். ஒரு சிறிய அட்டையால் சொல்லை மூடி, இடமிருந்து வலமாக மெல்ல விலக்கினேன். பா. பாது. பாதுகா. பாதுகாப்பு. சொல்லின் நடுப்பகுதியைக் கண் பார்க்கப் பழகுவதற்கு அந்த அட்டையைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரியாது.

"படத்தைப் பார்த்து ஊகி", "விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போ" என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதைக் கைவிடுங்கள். நன்றாகப் படிப்பவர்கள் எழுத்துகளைத் தாண்டிக் குதிப்பதில்லை, எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பார்ப்பது அவர்களுக்கு வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

தவறில்லாமல்தான் படிக்கிறான், ஆனால் ஆமை வேகம். வேகம் கூட்ட என்ன செய்யலாம்?

திரும்பப் படித்தல். எஸ். ஜே. சாமுவேல்ஸ் 1979இல் எழுதிய முறை இது, இன்றுவரை நிற்கிறது. ஏறக்குறைய நூறு சொல் கொண்ட ஒரு பத்தியை நீங்கள் ஒருமுறை உணர்ச்சியோடு வாசித்துக்காட்டுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து ஒருமுறை. பிறகு அவன் மட்டும் மூன்று, நான்கு முறை. முதல் முறை எடுத்த நேரத்தையும் கடைசி முறை எடுத்த நேரத்தையும் அவனே தாளில் குறிக்கட்டும். அடுத்தவனோடு ஒப்பிடவே கூடாது, நேற்றைய அவனோடு மட்டும்.

வேகம் எதற்கு என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள். கவனம் என்பது அளவுள்ள பண்டம். முழுக்க எழுத்துக்கூட்டவே செலவானால் பொருளுக்கு மிச்சம் இருக்காது. வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் போயிருக்கும்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லாக நிற்கும், ஆகவே அந்த எண்ணை வைத்து நம் பிள்ளையை அளக்காதீர்கள். காதை நம்புங்கள். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துகிறானா, கேள்வி கேள்வியாக ஒலிக்கிறதா? அந்த ஓட்டம் வந்தால் போதும்.

தினமும் அரை மணி நேரம் அமைதியாகப் படிக்கவைத்தால் தானாக வந்துவிடாதா?

வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது வரம். தெரியாத பிள்ளை அரை மணி நேரம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும். முதலில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கேட்கவேண்டும்.

மடமடவென்று படிக்கிறாள், கேட்டால் ஒன்றும் புரியவில்லை என்கிறாள்.

இந்தப் பிள்ளைகள் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படமாட்டார்கள், வாய் சரளமாக இருப்பதால்.

முதலில் பொது அறிவைப் பாருங்கள். டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். படித்ததைச் சிறு பொம்மைகளை நகர்த்திக் காட்டவேண்டும். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட மிக நன்றாகச் செய்தார்கள். ஆகவே பாடத்தைத் திறக்குமுன் பத்து நிமிடம் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவது நேர விரயமில்லை. அந்தப் பத்து நிமிடமே பாதி வாசிப்பு.

இரண்டாவது, எழுத்துத்தமிழ். "வந்துட்டிருக்காங்க" என்று பேசும் பிள்ளை "வந்துகொண்டிருக்கின்றனர்" என்று படிக்கவேண்டியிருக்கிறது. அதைவிடச் சிக்கல் இணைப்புச் சொற்கள். எனினும், ஆகையால், மாறாக, இதன் விளைவாக, ஒருபுறமிருக்க. இவற்றை யாரும் வீட்டில் பேசுவதில்லை. "எனினும்" என்பதைத் தாண்டிப் போகும் பிள்ளைக்கு, அடுத்த வாக்கியம் முந்தையதோடு மோதுகிறது என்பதே தெரியாது. கடினமான பெயர்ச்சொற்களுக்கு நாம் பொருள் எழுதிப்போடுகிறோம், இந்தச் சின்னச் சொற்களை விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, படிக்கும்போதே புரிகிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம். பாலின்க்ஸார், பிரௌன் என்ற இருவர் 1984இல் விவரித்த முறையில் பிள்ளைகள் சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு பத்தி படிக்கிறார்கள். ஒருவர் சுருக்கிச் சொல்கிறார், ஒரு கேள்வி கேட்கிறார், புரியாத இடத்தைத் தெளிவாக்குகிறார், அடுத்து என்ன வரும் என்று யோசித்துச் சொல்கிறார். அடுத்த பத்திக்கு வேறொருவர் ஆசிரியர். புரியாத இடத்தைச் சொல்வது அங்கே வேலையின் ஒரு பகுதி என்பதால் யாரும் வெட்கப்படுவதில்லை.

எளிய கதைப் புத்தகமே கொடுத்துக்கொண்டிருக்கலாமா?

பயிற்சிக்குக் கொடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். வகுப்பில் மற்றவர்கள் படிக்கும் பாடத்தையும் உங்கள் துணையோடு அவன் படிக்கவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. இல்லையென்றால் சொல்வளத்திலும் விஷயத்திலும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். படிப்பவன் மேலும் படித்து வளர்கிறான், படிக்காதவன் அதனாலேயே மேலும் பின்தங்குகிறான் என்று கீத் ஸ்டானோவிச் 1986இலேயே விளக்கினார். பாடத்தை ஒலிவடிவில் கேட்பதும் நல்லது, அறிவு வளர்வது நிற்காது. ஆனால் அதை வாசிப்புப் பயிற்சியின் கணக்கில் எழுதக்கூடாது.

டிஸ்லெக்சியாவாக இருக்குமோ?

இருக்கலாம். டிஸ்லெக்சியா அறிவுக்குறைவு இல்லை, எழுத்து கண்முன் ஆடுவதும் இல்லை. பெரும்பாலும் சொல்லின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு இணைப்பதில் வரும் சிரமம் அது. எழுத்தும் ஒலியும் ஓரளவு சீராகப் பொருந்தும் மொழிகளில் தவறுகளைவிட மெதுவான வாசிப்பாகவே அது வெளிப்படும். அதனால்தான் "சோம்பேறி" என்ற பட்டம் எளிதில் கிடைத்துவிடுகிறது. கண், காது இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பிறகு முறையான மதிப்பீட்டுக்குப் போங்கள், தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கும் அது உதவும். வண்ணக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள், அது வாசிப்பை மேம்படுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அறிக்கை வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இங்கே சொன்ன அதே வேலைதான், இன்னும் அதிக முறை, இன்னும் பொறுமையாக.

நான் அறிவியல் ஆசிரியர். இதில் எனக்கு என்ன வேலை?

நிறைய. "ஒளிச்சேர்க்கை" என்று பலகையில் எழுதும்போது ஒளி / சேர்க்கை என்று பிரித்துக் காட்டி, எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவையுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: வரிசையாக எழுப்பி ஆளுக்கொரு பத்தி வாசிக்கச்சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் பாடத்தில் ஒரு சொல்கூட விழாது. அவன் வாசித்தே ஆகவேண்டுமென்றால் எந்தப் பத்தி என்று முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

தினமும் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று தொடர்ந்தால் நான் பார்த்தவரை இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளைக்கே தெரியும். சராசரி வகுப்பு அளவைத் தொட ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். வாரத்துக்கு ஒருநாள் இரண்டரை மணி நேரம் என்பது அதே கணக்காகத் தோன்றும், பலன் அதேபோல இருக்காது.

முதலில் மாறுவது மதிப்பெண் இல்லை, வேகமும் இல்லை. தன் தவறைத் தானே பிடிக்கத் தொடங்குவார்கள். மரத்தையும் மண்ணையும் பற்றிப் படித்த அந்தப் பெண் ஆறேழு வாரம் கழித்து வேறொரு பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "அணையின் பாதி…" என்று தொடங்கி நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையும் என் கையில்தான் இருந்தது. விரலைப் பின்னுக்கு இழுத்துச் சொல்லின் நடுவில் வைத்து, "பாதுகாப்பு" என்று படித்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.